பின்பக்கம்: வெற்று

நான் வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்த சுகந்தி போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழிலும் தமிழ்ப் பத்திரங்களைப் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்து, பெயர்ப்பு சரி என்று சத்தியம் செய்து, முத்திரை குத்திக் கொடுக்கிற அலுவலகம் அது. உப்பளத்தில் மைதானத்துக்குப் போகிற சாலையில் ஒரு மாடியில் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டு அந்தப் படிகளை ஏறி இறங்கினேன்.

"அக்கா, இப்பல்லாம் ஆளுங்க நேர்ல வர்றதில்ல. பேப்பரை ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பிடறாங்க. ரோஸ் ஃபாரத்துல நாலாவது கேள்விக்கு இன்னா எழுதறது?"

நாலாவது கேள்வி: பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

"அனுப்பினவங்களையே கேளு" என்றேன்.

"கேட்டேன். ஒண்ணுமில்ல, வெறும் பேப்பர்தான்றாங்க."

"பார்த்துட்டு சொன்னாங்களா, பார்க்காம சொன்னாங்களான்னு கேளு."

"அப்டிக் கேட்டா சண்டைக்கு வருவாங்க. உங்களுக்கு எப்பவாவது அதனால ஒண்ணு ஆயிருக்குதா?"

ஆகியிருக்கிறது. அவள் மேசையின் இழுப்பறைக்குள் இடது பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் என் கையெழுத்து இருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டைரிகள் ஆண்டு வாரியாக அலமாரியில் இருப்பதால் எனக்குச் சிரமமில்லை.

நான் மில் தொழிலாளி வீட்டுப் பெண். அப்பா நெசவுப் பிரிவில் இருந்தார். அரசுப் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தேன், கல்லூரியிலும் அதையே படித்தேன், உழவர்கரையிலிருந்து சைக்கிளில் வந்து வேலை கேட்டேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று ஆண்டு பிறப்புச் சான்றும் இறப்புச் சான்றும் பெயர்த்தேன். கை பழகியது. அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது மதாம் தெரேசைப் பற்றி. அலுவலகம் அவருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் மகள். தமிழில் நினைத்துப் பிரெஞ்சில் திட்டுவார், பிரெஞ்சில் நினைத்துத் தமிழில் திட்டுவார். சர்க்கரை இல்லாத காப்பி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் ஓர் அடி மர ஸ்கேல். பத்திரத்தை விரலால் தொட மாட்டார். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குவார். என் பிழை கிடைத்தால் ஸ்கேல் அந்த இடத்தில் நின்றுவிடும். வாய் திறக்க மாட்டார். நானே கண்டுபிடிக்கும்வரை ஸ்கேல் நகராது.

கண்ணுக்குத் தெரிகிற எழுத்து எதுவும் விடுபடக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. நான் அதை அப்படியே பின்பற்றினேன். அதனால் வந்த வினை இது. பிரான்சில் இறந்துபோன ஒருவரின் சொத்து விஷயமாக, திருமணம் நடந்ததற்குச் சான்றாக ஒரு பழைய கல்யாண போட்டோ வந்தது. மாப்பிள்ளை, பெண், சுற்றிலும் இருபது பேர். முன்னால் ஒரு சிலேட்டில் மணமக்கள் பெயர். நான் பெயர்களைப் பெயர்த்தேன். அடுத்த வரியாக, பின்சுவரில் கரியால் எழுதியிருந்ததையும் பெயர்த்தேன்: இங்கே சிறுநீர் கழிக்காதீர்.

இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து மிகுந்த மரியாதையோடு ஒரு கடிதம் வந்தது. மணமக்கள் பெயருக்குப் பிறகு வருகிற வாக்கியத்தைச் சடங்கில் யார் யாருக்குச் சொல்வது, புரோகிதர் மணமக்களுக்கா, மணமக்கள் விருந்தினருக்கா என்று கேட்டிருந்தார்கள்.

மதாம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து விழுந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க மேல தப்பில்ல வசந்தா. சுவரை நீ அனுப்பல. எழுத்தை மட்டும் அனுப்பியிருக்க" என்றார்.

ரோஸ் ஃபாரம் அன்றைக்குப் பிறந்தது. ரோஸ் நிறக் காகிதம் மலிவாகக் கிடைத்ததால் அந்த நிறம். எழுத்து எங்கே இருக்கிறது, காகிதம் இதுவரை எங்கே இருந்தது, அதை யார் யாருக்கு எப்போது படிப்பார்கள், பின்பக்கத்தில் என்ன இருக்கிறது. காகிதம் கொண்டுவருகிறவரை உட்கார வைத்து இந்த நாலையும் கேட்டு எழுதிய பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். கறை, மடிப்பு, பூச்சி அரித்த இடம் எல்லாவற்றையும் சதுர அடைப்புக்குள் குறிக்க வேண்டும்.

வேலை ருசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதுவரை ஒரு கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருந்தால் "உ என்ற எழுத்து" என்று போட்டுக்கொண்டிருந்தேன். சாயபு வீட்டுக் கடிதத்தின் தலையில் இருக்கும் 786ஐ எண்ணாகவே போட்டேன். "படிக்கிறவன் இதை டெலிபோன் நம்பர்னு டயல் பண்ணிப் பார்ப்பான்" என்றார் மதாம். வேதக்காரர்கள் சேசு, மரி, சூசை என்பதைச் சுருக்கி சே.ம.சூ. என்று தொடங்குவார்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன, கடவுளை முன்னால் வைத்துவிட்டுப் பேசுகின்றன என்பதை அடைப்புக்குள் எழுதக் கற்றேன். ஒரு பெரியவரின் கடிதக் கட்டில் எல்லாக் கடிதமும் சே.ம.சூ. என்று தொடங்க, ஒன்று மட்டும் மொட்டையாகத் தொடங்கியது. அதைத் தூக்கிக் காட்டி, "இல்லாததையும் எழுது. இந்த ஒண்ணை மனுஷன் எவ்வளவு அவசரத்துல எழுதியிருக்கார்னு படிக்கிறவனுக்குத் தெரியட்டும்" என்றார்.

இத்தனையும் தெரிந்திருந்த நான்தான் பின்வருகிற பிழையைச் செய்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஆனி மாதக் கடைசி. மதாம் உறவினர் கல்யாணத்துக்குக் காரைக்கால் போயிருந்தார். அதற்குள் எனக்கும் சத்தியம் செய்து முத்திரை வைத்துக்கொள்கிற உரிமை வந்துவிட்டிருந்தது. மாடிப்படியில் ஒரு பெண்மணி ஏறிவந்தார். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் துணியில் சுற்றிய கண்ணாடிச் சட்டம் ஒன்றை மார்போடு அணைத்திருந்தார்.

"பிரெஞ்சு படிக்கிறது நீங்கதானாம்மா? இதைப் படிச்சு தமிழ்ல எழுதி சீல் போட்டுக் குடுக்கணும்."

உட்காரச் சொன்னேன். தான் உட்காருவதற்கு முன் என் மேசையை முந்தானையால் துடைத்து, அதன்மேல் சட்டத்தை வைத்தார். தவளக்குப்பம் ஜங்ஷனிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். இடம் இருந்ததாம், ஆனால் மடியில் வைத்துக்கொள்ள மனசு வரவில்லையாம்.

அவர் பெயர் அஞ்சலை. நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. ஊர், தவளக்குப்பத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். துணியைப் பிரித்தார். தேக்குச் சட்டத்துக்குள் பழுத்த காகிதம், அச்சடித்த பிரெஞ்சுப் படிவம், நடுவே கையெழுத்தும் வட்ட முத்திரையும். கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம், முத்திரைக்கு நேராகக் குங்குமம்.

"இது எங்க வீட்டுப் பத்திரம். எங்களுக்கே பத்திரக்காரர் வீடுன்னுதான் பேரு. ஆடி மாசம் அம்மன் ஊர்வலம் கிளம்பும்போது எங்க வீட்டு ஆளு இதைத் தூக்கிக்கிட்டு முன்னால நடக்கணும். எங்க பூட்டனுக்குக் கவர்னர் துரை எழுதிக் குடுத்த உத்தரவு. போன தை மாசம் எங்கப்பா தவறிட்டாரு. எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல. இப்ப புதுசா வந்திருக்கிற கமிட்டியில, முதல் வரிசை எதுக்குன்னு பேப்பரைக் காட்டுங்கன்றாங்க. காட்டலன்னா இந்த வருஷத்தோட சரி."

ரோஸ் ஃபாரத்தை எடுத்தேன். எழுத்து எங்கே இருக்கிறது? சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால். காகிதம் எங்கே இருந்தது? சாமி அறையில், அம்மன் படத்துக்கு வலப்பக்கம். யாருக்கு எப்போது படிப்பீர்கள்?

அஞ்சலை சிரித்தார். "படிக்கிறதா? யாருக்குப் படிக்கத் தெரியும்? காட்டறதுதான். ஊர்க் கோடியில புளியமரம் இருக்குது. ஊர்வலம் அங்க நிக்கும். நாங்க இதைத் தூக்கிக் காட்டுவோம். ஒரு குடம் தண்ணியை ரோட்டுல ஊத்துவோம். அப்புறம் மேளம் அடிச்சுப் போகும்."

"அம்மனுக்குக் காட்டுவீங்களா?"

"அம்மன் பின்னால வருதும்மா. நாங்க ரோட்டைப் பார்த்துக் காட்டுவோம்."

"ரோட்டுல யாரு?"

"யாருமில்ல. அப்டித்தான். எங்கப்பாகிட்ட நானும் கேட்டிருக்கேன், அப்டித்தான்னாரு."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நாலாவது கேள்விக்கு வந்து சட்டத்தைத் திருப்பக் கை நீட்டியதும் அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "பிரிக்கக் கூடாதும்மா. நாலு தலைமுறையா பிரிச்சதில்ல. தெரியாம ஆணியைக் கழட்டினா இன்னா ஆவுமோ."

எனக்கும் பிரிக்க மனசு வரவில்லை. குங்குமம் வைத்த பொருள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சாமி படத்தின் முதுகை யாரும் பார்த்ததில்லை. ஃபாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பொறுக்காது. "வெற்று" என்று எழுதினேன். சட்டம் போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று எண்ணினேன்.

பிறகு பெயர்த்தேன். அது எளிதாக இருந்தது. முனியன் என்பவர் இரண்டு மாடு பூட்டிய வண்டியோடும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயோடும், மேற்படி கிராமத்தின் எல்லையில் போட்டிருக்கும் தடுப்பை எந்நேரமும் கடந்து போகவும் வரவும் விடப்படுவார். தடுப்பில் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். வேறு ஆள் வண்டியில் ஏறக் கூடாது. சுகாதார அதிகாரியின் முத்திரை. ஆண்டு இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.

படித்துக் காட்டினேன். அஞ்சலை சட்டத்தைப் பார்த்தார்.

"அம்மன் பேரு வரலியா?"

"வரல."

"கவர்னரு?"

"அவரும் வரல."

"முனியன்றது எங்க பூட்டன்தான்" என்றார். "பேரு சரியா இருக்குது." அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முத்திரை போட்டுக் கொடுத்தேன். பின்பக்கம் வெற்று என்ற வரிக்குக் கீழேயும் என் கையெழுத்து இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார். மதாம் அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். அஞ்சலை என் மொழிபெயர்ப்பை மேசைமேல் வைத்தார். நாலாக மடித்த அடையாளம் இருந்தது.

"கமிட்டித் தலைவரு மைக்குல படிச்சாரு. தட்சணாமூர்த்தின்னு பேரு, தவளக்குப்பத்துல உரக்கடை வெச்சிருக்கிறாரு. கெட்டவரு இல்ல, வாய்தான். 'ஏம்மா, இது மாட்டு வண்டி பாஸு. நான்கூட பஸ் பாஸ் வெச்சிருக்கேன், என்னையும் முன்னால விடுவீங்களா'ன்னாரு. ஊரே சிரிச்சுது." தாளை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க பொய் எழுதலன்னு எனக்குத் தெரியும். ஒரு வண்டி பாஸுக்கா எங்கப்பா அம்பது வருஷம் கற்பூரம் காட்டினாரு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

மதாம் மொழிபெயர்ப்பை இழுத்து ஸ்கேலை வைத்தார். ஒவ்வொரு வரியாக இறக்கினார். எங்கும் நிற்கவில்லை. கடைசி வரிக்கு வந்தது. "பின்பக்கம்: வெற்று." நின்றது.

"பார்த்தியா?"

"இல்ல மதாம்."

"சரி. அப்ப இது உன் எழுத்து. காகிதத்தோட எழுத்து இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். இருபது வருஷத்தில் அதைவிடக் கடுமையாக அவர் என்னிடம் பேசியதில்லை. பிறகு ரோஸ் ஃபாரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதை மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஸ்கேலை இரண்டுக்கும் குறுக்காக வைத்தார். ஒரு பக்கம்: தடுப்பில் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். இன்னொரு பக்கம்: ஊர்க் கோடிப் புளியமரத்தடியில் சாலையைப் பார்த்துக் காட்டுவார்கள்; எதிரில் யாருமில்லை.

"ரெண்டையும் நீதான் எழுதியிருக்க வசந்தா. ஒரே நாள்ல, ஒரே பேனாவுல."

சாலையில் ஒரு காலத்தில் ஆள் இருந்திருக்கிறான். தடுப்பில் காவல் இருந்தவன். நோய்க்காலத்தில் ஊரை அடைத்து, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று சொல்லி, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஒரே ஒரு வண்டியை விட்டிருக்கிறார்கள். அந்த வண்டிக்காரர் ஒவ்வொரு முறையும் புளியமரத்தடியில் சீட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். காவல்காரன் போய்விட்டான், தடுப்பு போய்விட்டது. காட்டுவது மட்டும் இன்னும் நடக்கிறது.

அஞ்சலையிடம் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அதான் தண்ணியா" என்றார். "அய்யோ, அதான் ஒரு குடம் தண்ணியா."

"இதையே எழுதிக் குடுத்துடலாமா மதாம்?"

"கூடாது. இது நாம நினைக்கிறது. நினைப்புக்கு சீல் கிடையாது." அஞ்சலையின் பக்கம் திரும்பினார். "அம்மா, பாஸுன்னா அதைப் பார்க்கிறவன் கையில ஒரு பென்சில் இருந்திருக்கும். பின்னால ஏதாவது இருக்கலாம். பிரிக்க விடுவீங்களா?"

"பிரிச்சு ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமில்லன்னு எழுதுவோம். அப்ப அது உண்மையா இருக்கும்."

அஞ்சலை யோசித்தார். யோசித்து அவர் சொன்னது அலுவலகத்தில் யாருக்கும் தோன்றாதது. "இங்க வேணாம். இங்க பிரிச்சா நாங்களே உள்ள எழுதிக்கிட்டோம்பாங்க. கோயில்ல, ஊரு பார்க்கப் பிரிங்க. ஒண்ணுமில்லன்னா அதையும் ஊரு பார்க்கட்டும். அதுக்கப்புறம் நான் அம்மனுக்குப் பின்னால நடந்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். மதாமுக்குக் கோயில் புதிதல்ல என்றாலும் செருப்பை எங்கே விடுவது என்று இரண்டு முறை கேட்டார். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர். தலைவர் தட்சணாமூர்த்தி எங்களை வரவேற்று மோர் கொடுத்தார். வாய் சும்மா இருக்கவில்லை. "பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால சோப்பு விளம்பரம் இருக்கும். இதுல இன்னா இருக்குதுன்னு பார்ப்போம், வாங்க."

பூசாரி கற்பூரம் காட்டினார். அஞ்சலை கும்பிட்டுவிட்டு, "நீங்களே பிரிங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். வெற்று என்று எழுதியது நான் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னைச் சொன்னார் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆணிகள் துருவேறியிருந்தன. பதினோரு ஆணி. பலகையை எடுத்தேன். கீழே ஓர் அட்டை. அட்டையை எடுத்தேன். காகிதத்தின் முதுகு தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை பென்சில் எழுத்து, தமிழில்.

மதாம் ஸ்கேலை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் அதை வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. முதல் வரிக்குக் கீழே வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

"மேட்டுத்தெரு கோடி வீடு, மூன்று குடம்."

கூட்டத்தில் ஒரு கிழவர், "அது எங்க வீடு" என்றார். அதிர்ச்சியில் மெதுவாகத்தான் சொன்னார்.

"தச்சர் வீடு, நாலு குடம்."

"யோவ், உங்க வீடுய்யா."

"கன்னியம்மாள் வீடு, இரண்டு குடம். பிள்ளை பெற்றிருக்கிறாள், இன்னும் ஒன்று."

ஒரு பெண் சட்டென்று அழுதார், உடனே சிரித்தார். "அந்தப் பிள்ளைதான் எங்க மாமியாரோட அப்பா." அதன் பிறகு நான் ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல, கூட்டத்திலிருந்து ஆள் கை தூக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவது போலிருந்தது. சில வீடுகளுக்கு ஆள் இல்லை. அவற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள்.

"வாய்க்காலோரத்து வீடு, ஐந்து குடம். பிள்ளைகள் ஏழு."

எல்லாரும் தட்சணாமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏழுல எங்க பாட்டன் ஏழாவது" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அந்த அஞ்சாவது குடம் வராம இருந்திருந்தா நமக்குத் தலைவரே இருந்திருக்க மாட்டாரு. நிம்மதியா இருந்திருக்கலாம்."

வேப்பமரமே சிரித்தது போல ஒரு சிரிப்பு. அவரும் சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "படிங்கம்மா, படிங்க."

"கோயில், ஒரு குடம்." பூசாரி கைகூப்பினார்.

அப்போது அஞ்சலை கேட்டார்: "எங்க வீடு இருக்குதாம்மா?"

ஸ்கேலைக் கடைசி வரிக்கு இறக்கினேன். "இருக்கு. கடைசியில. முனியன் வீடு, மிச்சம் இருந்தால்."

"கடைசியிலதான் இருக்கும்" என்றார் அஞ்சலை. அவர் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. டைரியில் அன்றைய பக்கத்தில் "அஞ்சலை சிரித்தார்" என்று மட்டும் இருக்கிறது.

யார் எழுதியது என்று இதுவரை தெரியாது. முனியனுக்கு எழுதத் தெரியாது என்று ஊரில் சொன்னார்கள். திருத்திய மொழிபெயர்ப்பில் அதையும் எழுதினேன்: எழுதியவர் யாரென்று தெரியவில்லை. சந்தனப் பொட்டுகளையும் குங்குமத்தையும் அடைப்புக்குள் எழுதினேன், பதினோரு ஆணியையும் எழுதினேன். கமிட்டி தீர்மானம் போட வேண்டிய தேவையே வரவில்லை. பழைய தாளில் "வெற்று" என்ற சொல்லை மதாம் அடிக்கவில்லை. அப்படியே எடுத்து என் இழுப்பறைக்குள், திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி, தன் கையால் ஒட்டினார். "நல்ல கையெழுத்து. வீணாப் போகக் கூடாது" என்றார்.

அந்த ஆடியில் எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. பத்திரத்துக்கு இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டிருந்தார்கள். அஞ்சலை புதுப் புடவையில், சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பக்கத்தில் அவர் மகள் குடத்தோடு. புளியமரத்தடியில் மேளம் நின்றது. அஞ்சலை சாலையைப் பார்த்துச் சட்டத்தைத் தூக்கினார்.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கூட்டத்திலிருந்து தட்சணாமூர்த்தி விலகி, சாலைக்கு அந்தப் பக்கம் போய், எதிரில் நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். முன்னால் வந்து, கண்ணைச் சுருக்கி, தெரியாத பிரெஞ்சை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். சுற்றிப் போய்ப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்று வழிவிட்டு, உரத்த குரலில், "சரி, போவலாம்" என்றார்.

மேளம் பிடித்துக்கொண்டது. மதாம் என் தோளைப் பற்றிக்கொண்டு, "வுவாலா, இதோ" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடிக்கும் போகிறேன். போன வருஷம், ஊர்ப் பழக்கங்களைப் பதிவு செய்கிறவர் ஒருவர் கேமராவும் நோட்டுமாக வந்திருந்தார். புளியமரத்தடியில் "சரி, போவலாம்" என்றதும் பரபரவென்று எழுதிக்கொண்டார். இந்த வாக்கியம் எவ்வளவு காலமாகச் சொல்லப்படுகிறது என்று தட்சணாமூர்த்தியைக் கேட்டார்.

"அது ஆதியிலேர்ந்து சார்" என்றார் தலைவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அந்த வாக்கியம் முதன்முதலில் சொல்லப்பட்ட நாள் என் டைரியில் இருக்கிறது. அஞ்சலை என்னைப் பார்த்தார், நான் அஞ்சலையைப் பார்த்தேன். அந்த வருஷம் சட்டத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, குடத்தை அவரே ஏந்தியிருந்தார். சிரிப்பை அடக்கியதில் குடம் தளும்பி, எழுதுகிறவரின் நோட்டில் தண்ணீர் சிந்தியது. இரண்டு சொட்டு, மேல் வலது மூலையில். அந்தப் பக்கம் என்றைக்காவது உன் மேசைக்கு வந்தால், சுகந்தி, அதையும் அடைப்புக்குள் எழுது.